எச்.வி.எஸ். ரிப்போர்ட்டில் 'நார்மல் ஃபுளோரா', நஞ்சுக்கொடியில் அழற்சி: எதை நம்புவது?

மகப்பேறு_பிஜி கேட்டது:

வணக்கம். 24 முதல் 34 வாரத்துக்குள், வலி வராமலேயே பனிக்குடம் உடைந்து சேரும் தாய்மார்களை வைத்து ஆய்வேடு ஒன்றைத் திட்டமிடுகிறேன். பிறப்புப் பாதையிலுள்ள நுண்ணுயிர்க் கூட்டத்துக்கும் பனிக்குடச் சவ்வின் அழற்சிக்கும் என்ன தொடர்பு என்பதுதான் தலைப்பு. சேர்க்கையன்று எச்.வி.எஸ். (யோனியின் மேல்பகுதி ஸ்வாப்) கல்ச்சர், பிரசவம் ஆனதும் நஞ்சுக்கொடி ஹிஸ்டோபேத்தாலஜி (திசுவை ஸ்லைடில் பார்ப்பது), இரண்டையும் ஒப்பிடுவது என்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஆனால் பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டும்போதே இடிக்கிறது. ஸ்வாப்பில் 'நார்மல் வெஜைனல் ஃபுளோரா'. காய்ச்சல் இல்லை. டோட்டல் கவுண்ட் (ரத்த வெள்ளணு) 14,000-த்தை ஒட்டி. நஞ்சுக்கொடி ரிப்போர்ட்டோ 'அக்யூட் கோரியோஆம்னியோனைட்டிஸ், தாய் எதிர்வினை நிலை 2, சிசு எதிர்வினை நிலை 1', அதாவது பனிக்குடச் சவ்வில் அழற்சி, என்கிறது. இதற்கு நேர்மாறாக 101 டிகிரி காய்ச்சல் இருந்து, சவ்வு சுத்தமாக வந்ததும் உண்டு.

லேப் பிழையா, நான் ஒப்பிடுவதே தவறா? 16எஸ் சீக்வென்சிங்குக்குக் (கிருமிகளின் 16எஸ் மரபணுவைப் படித்து இனம் காணும் முறை) கொஞ்சம் நிதி கிடைக்கலாம். அந்த மரபணுவில் எந்தப் பகுதியைக் கேட்க வேண்டும், எங்கே சறுக்கும்?

---

பாரஃபின்_கட்டை:

ரிப்போர்ட் சரியாகத்தான் இருக்கும். மூன்று வெவ்வேறு இடங்களை மூன்று வெவ்வேறு நேரங்களில் பார்த்துவிட்டு, ஏன் ஒத்துப்போகவில்லை என்கிறீர்கள்.

ஸ்லைடில் பேத்தாலஜிக்காரர்கள் நாங்கள் தேடுவது கிருமியை அல்ல, நியூட்ரோஃபிலை (அழற்சியில் குவியும் வெள்ளணு). அது யாருடைய நியூட்ரோஃபில் என்பது அடுத்த கேள்வி. சவ்வில் தெரிபவை பெரும்பாலும் தாயுடையவை. டெசிடுவா (கருப்பையின் உட்படலம்) ரத்தக்குழாய்களிலிருந்து கசிந்து, கோரியானைக் (சவ்வின் வெளி அடுக்கு) கடந்து, பனிக்குட நீர் இருக்கும் திசைக்கு நகர்கின்றன. தொப்புள்கொடிக் குழாய்ச் சுவரிலும் கோரியானிக் தட்டின் குழாய்ச் சுவரிலும் தெரிபவை சிசுவுடையவை. 2014-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடி வகுத்து 2016-ல் அச்சான வரையறைப்படி, தாய் பக்கத்தில் கோரியானோடும் அதன் அடியிலுள்ள ஃபைப்ரினோடும் நின்றால் நிலை 1, இணைப்புத் திசுவுக்கோ ஆம்னியானுக்கோ (சவ்வின் உள் அடுக்கு) ஏறினால் நிலை 2, ஆம்னியான் செல்கள் செத்து உதிர்ந்தால் நிலை 3. சிசு பக்கத்தில் கோரியானிக் குழாய் அல்லது தொப்புள் சிரை நிலை 1, தொப்புள் தமனி நிலை 2, குழாயைச் சுற்றி வளையம் வளையமாகத் திசு செத்திருந்தால் நிலை 3. நிலை என்பது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது. தரம் (1 அல்லது 2) என்பது எவ்வளவு அடர்த்தி என்பது. ஆய்வேட்டு அட்டவணையில் இந்த இரண்டையும் ஒரே பத்தியில் கலந்துவிடாதீர்கள். பலர் கலக்கிறார்கள்.

உங்கள் ஆய்வில் எனக்குத் தெரியும் பலவீனம் நஞ்சுக்கொடியை எடுக்கும் விதம். லேபர் ரூமிலிருந்து வாளியில், ஃபார்மலினில் ஊறியபடி முழுசாக வந்தால் ஸ்வாப் எடுக்க வழியே இல்லை. கெட்டியான சதைக்குள் ஃபார்மலின் போகாமல் நடுப்பகுதி அழுகியும் போகும். புதிதாகவே, மூடிய டப்பாவில், 4 டிகிரி செல்சியஸில் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் செல்கள் வெடித்துவிடும், பிறகு ஸ்லைடில் ஒன்றும் படிக்க முடியாது.

வந்ததும் முதல் வேலை கிருமிப் பரிசோதனைக்கான ஸ்வாப். மேல் பரப்பில் தேய்க்கக் கூடாது. அது பிறப்புப் பாதை வழியாக வந்த பரப்பு. ஸ்டெரைல் ஃபோர்செப்ஸால் ஆம்னியானை உரித்து, அதற்கும் கோரியானுக்கும் இடைப்பட்ட ஈரமான பரப்பில் ஸ்வாப்பைச் சுழற்றுங்கள். அதன் பிறகே சவ்வுச் சுருள். உடைந்த விளிம்பில் தொடங்கி நஞ்சுக்கொடியின் ஓரம் வரை ஒரு கீற்று வெட்டி, உடைந்த முனை நடுவில் வரும்படி பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி, ஊசி குத்தி, ஓர் இரவு ஃபார்மலினில் போட்டுப் பிறகு குறுக்கே வெட்டுங்கள். அழற்சி பெரும்பாலும் உடைந்த விளிம்பருகேதான் தொடங்கும். அந்த முனையை விட்டுவிட்டு ஓரத்தில் மட்டும் துண்டு எடுத்தால் நிலை 2 நிலை 0 ஆகிவிடும். குறைந்தது 4 பிளாக்: சுருளும் தொப்புள்கொடியின் 2 குறுக்குவெட்டும் ஒன்றில், முழுக்கனமுள்ள நஞ்சுக்கொடித் துண்டுகள் மூன்றில்.

தொப்புள்கொடியின் மேல்பரப்பில் 1-2 மி.மீ. அளவில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ புள்ளிகள் தெரிந்தால் அங்கேயே வெட்டி, பி.ஏ.எஸ். அல்லது சில்வர் சாயம் கேளுங்கள். கேண்டிடா பூஞ்சை அப்படித்தான் முகம் காட்டும். செர்க்ளாஜ் தையலோ (கருப்பை வாயில் போடுவது) காப்பர்-டி-யோ இருந்த கர்ப்பம் என்றால் கூடுதல் கவனம்.

---

சாக்லேட்_அகார்:

கல்ச்சர் பக்கத்திலிருந்து. 'நார்மல் ஃபுளோரா' என்ற இரண்டு சொல்லுக்கு லேபில் இருக்கும் அர்த்தம் வேறு, வார்டில் அதைப் படிக்கும் விதம் வேறு. பிளட் அகாரிலும் மேக்கான்கியிலும் 24-48 மணி நேரத்தில் நாங்கள் பெயர் சொல்ல வேண்டிய கிருமி எதுவும் மேலோங்கி வளரவில்லை, அவ்வளவுதான் அதன் பொருள். லாக்டோபேசில்லஸ் (யோனியைக் காக்கும் நல்ல கிருமி) ஆரோக்கியமாக இருக்கிறது என்று அர்த்தமே இல்லை.

அந்தத் தட்டில் வளராதவை எவை என்று பாருங்கள். பனிக்குட நீரில் அடிக்கடி அகப்படும் யூரியாபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே கிடையாது. கிராம் சாயத்தில் தெரியாது, சாதா அகாரில் வளராது, பென்சிலின் வகை மருந்து எதுவும் அதைத் தொடாது. யூரியா சேர்த்த தனி ஊடகமோ பி.சி.ஆரோ வேண்டும். ஸ்னீத்தியா காற்றில்லாச் சூழலையும் சீரம் கலந்த ஊடகத்தையும் கேட்கும் அடம்பிடித்த ஜாதி. மொபிலங்கஸ், பிரிவோடெல்லா எல்லாம் ஏரோபிக் இன்குபேட்டரில் வைத்த தட்டுக்கு வரவே வராது. ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் வாயில், ஈறில் வாழ்வது. கீழிருந்து ஏறாமல் ரத்தம் வழியாகவே நஞ்சுக்கொடிக்குப் போகக்கூடியது. லிஸ்டீரியாவும் ரத்த வழிதான். எனவே எச்.வி.எஸ். எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இந்த இரண்டுக்கும் அது சாட்சியாகாது.

இன்னொரு பொறி: யூரியாபிளாஸ்மா பி.சி.ஆர். கீழே பாசிட்டிவ் என்பதாலேயே அதுதான் காரணம் என்று எழுதாதீர்கள். எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்களில் பாதிப் பேரிடமாவது அது குடியிருக்கும். கீழே இருப்பது சாதாரணம், பனிக்குட நீரில் இருப்பது அசாதாரணம். அதே கிருமிதான், இடம்தான் வேறு.

குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தேடுகிறீர்களா? அதற்கு எச்.வி.எஸ். தவறான மாதிரி. யோனியின் கீழ்ப்பகுதியிலும் மலக்குடலிலும் (ஆசனவாய் வளையத்தைத் தாண்டி) ஒரே ஸ்வாப்பால் எடுத்து, செலக்டிவ் பிராத்தில் 18-24 மணி நேரம் வளர்த்து, பிறகுதான் தட்டுக்கு மாற்ற வேண்டும். நேரே தட்டில் தேய்த்தால் பாதியைத் தவறவிடுவீர்கள்.

ஸ்வாப் குச்சியும் முக்கியம். மரக்குச்சி, பஞ்சு இரண்டும் யூரியாபிளாஸ்மாவுக்கு ஆகாது. பாலியெஸ்டர் அல்லது ஃப்ளாக்டு ஸ்வாப் வாங்குங்கள். ஸ்பெகுலத்தில் குளோர்ஹெக்சிடின் கலந்த ஜெல் தடவினால் அங்கேயே கல்ச்சர் முடிந்தது. ஸ்டெரைல் சலைன் போதும்.

கல்ச்சருக்குப் போகும் காசில் பாதி கூட ஆகாத ஒன்று உங்கள் திட்டத்தில் இல்லை: நுஜென்ட் ஸ்கோர். ஒரு கண்ணாடித் தகடு, கிராம் சாயம், ஆயில் இம்மர்ஷன். பெரிய பாசிட்டிவ் தண்டுகள் குறையக் குறைய 0-4, சின்ன கிராம்-மாறிகள் கூடக் கூட 0-4, வளைந்த தண்டுகளுக்கு 0-2. கூட்டினால் 0-3 இயல்பு, 4-6 இடைநிலை, 7-10 பாக்டீரியல் வெஜைனோசிஸ் (லாக்டோபேசில்லஸ் குறைந்து மற்ற கிருமிகள் பெருகிய நிலை). தகட்டை உலரவைத்து டப்பாவில் போட்டுவிட்டால் மொத்தமாகச் சேர்த்து, நோயாளி யாரென்று தெரியாமல், இரண்டு பேர் தனித்தனியாக எண்ணலாம்.

பி.எச். தாளை மட்டும் விட்டுவிடுங்கள். பனிக்குடம் உடைந்த பிறகு பனிக்குட நீரே 7-க்கு மேல். வெஜைனோசிஸுக்கான 4.5 என்ற கோட்டுக்கு அங்கே வேலையில்லை.

---

மகப்பேறு_பிஜி:

இருவருக்கும் நன்றி. அப்படியானால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. கீழே என்ன குடியிருந்தால் மேலே ஏறுகிறது? ஸ்வாப்பில் வெஜைனோசிஸ் தெரிந்தால் மருந்து கொடுத்து அழற்சியைத் தடுத்துவிடலாமா? வார்டில் சிலர் எல்லோருக்கும் கோ-அமாக்சிக்ளாவ் எழுதுகிறார்கள், சிலர் தயிர், ப்ரோபயாடிக் மாத்திரை என்கிறார்கள்.

---

லேபர்_வார்டு_இரவு:

கோ-அமாக்சிக்ளாவை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம். 2001-ல் வெளியான ஆரக்கிள்-1 ஆய்வில் 4,800-க்கும் மேற்பட்ட பெண்கள், வலிக்கு முன்பே பனிக்குடம் உடைந்தவர்கள். எரித்ரோமைசின் பயன் தந்தது. கோ-அமாக்சிக்ளாவ் எடுத்தவர்களின் குழந்தைகளில் நெக்ரோடைசிங் என்டரோகொலைட்டிஸ் (குடல் திசு செத்து அழுகும் நோய்) கூடியது. அதன் இரட்டை ஆய்வான ஆரக்கிள்-2, பனிக்குடம் உடையாமல் குறைமாத வலி மட்டும் வந்தவர்களுக்கானது. பயன் இல்லை, 7 வயதில் அந்தக் குழந்தைகளைப் பின்தொடர்ந்தபோது பெருமூளை வாதம் கூடியிருந்தது. ஆகவே பனிக்குடம் உடைந்திருக்கிறதா இல்லையா என்று உறுதிசெய்யாமல் ஆன்டிபயாடிக் தொடங்குவது சின்னத் தவறு அல்ல.

உடைந்தது உறுதியானால், 1997 அமெரிக்க ஆய்வின் 7 நாள் முறை: ஆம்பிசிலின் 2 கிராமும் எரித்ரோமைசின் 250 மி.கி.யும் நரம்பு வழியாக 6 மணிக்கொருமுறை 48 மணி நேரம். பிறகு அமாக்சிசிலின் 250 மி.கி., எரித்ரோமைசின் 333 மி.கி. வாய்வழி 8 மணிக்கொருமுறை 5 நாள். எரித்ரோமைசின் ஊசி கிடைக்காவிட்டால் அசித்ரோமைசின் 1 கிராம் ஒரே தவணை என்பதை ஏற்கிறார்கள். பிரிட்டனில் எரித்ரோமைசின் மாத்திரை மட்டும், 250 மி.கி. நாளைக்கு 4 வேளை, அதிகபட்சம் 10 நாள். இவை பிரசவத்தைத் தள்ளிப்போடவும் குழந்தைக்குத் தொற்றைக் குறைக்கவும்தான். பனிக்குடத்துக்குள் ஏற்கெனவே புகுந்ததைத் துடைத்தெடுக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மேக்ரோலைடு (எரித்ரோமைசின் வகை மருந்து) நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போவது மிகக் குறைவு.

வெஜைனோசிஸ்: தொந்தரவு இருந்தால் மெட்ரோனிடசோல் 500 மி.கி. இருவேளை 7 நாள், அல்லது கிளிண்டாமைசின் 300 மி.கி. இருவேளை 7 நாள். அது அவளுடைய நாற்றத்துக்கும் வெள்ளைப்படுதலுக்கும் வைத்தியம். தொந்தரவே இல்லாத, முன்பு குறைமாதப் பிரசவம் ஆகாத பெண்களைத் தேடித்தேடிச் சிகிச்சை செய்தால் குறைமாதப் பிரசவம் குறையும் என்ற நம்பிக்கை இரண்டு முறை அடி வாங்கிவிட்டது. ஒன்று 2000-ல் அமெரிக்காவில் மெட்ரோனிடசோல் ஆய்வு. இன்னொன்று 2018-ல் வெளியான பிரான்ஸின் ப்ரெமேவா. முதல் மூன்று மாதங்களுக்குள் 84,530 பெண்களைச் சோதித்து, வெஜைனோசிஸ் உள்ளவர்களுக்குக் கிளிண்டாமைசின் கொடுத்துப் பார்த்தார்கள். எந்த மாற்றமும் இல்லை. மெட்ரோனிடசோல் கார்ட்னெரெல்லாவை (வெஜைனோசிஸில் பெருகும் கிருமி) இறக்கிவிடும், ஆனால் காலியான இடத்தில் பெரும்பாலும் வந்து அமர்வது லாக்டோபேசில்லஸ் ஐனர்ஸ். வேண்டிய ஆள் அது இல்லை.

தயிர் சாப்பிடட்டும், நல்லதுதான். அதிலுள்ள லாக்டோபேசில்லஸ் யோனியில் குடியேறும் ரகம் அல்ல. லாக்டோபேசில்லஸ் கிரிஸ்பேட்டஸை நேரடியாக யோனிக்குள் வைத்த 2020 ஆய்வில் வெஜைனோசிஸ் திரும்பியது 45-லிருந்து 30 சதவீதமாகக் குறைந்தது; அவர்கள் யாரும் கர்ப்பிணிகள் அல்ல.

வார்டில் நம் கையால் கெடுப்பதையும் சொல்ல வேண்டும். பனிக்குடம் உடைந்து வலி இல்லாதவருக்கு விரல் பரிசோதனை கூடாது. ஸ்டெரைல் ஸ்பெகுலம் போதும். ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் ஒருவர் 'வாய் எவ்வளவு திறந்திருக்கு' என்று பார்த்துக்கொண்டிருந்தால், கீழ்ப்பகுதிக் கிருமியைக் கருப்பை வாயில் கொண்டுபோய் விடுவது நாம்தான். உங்கள் ஆய்வில் விரல் பரிசோதனைகளின் எண்ணிக்கையை ஒரு தனிப் பத்தியாக வையுங்கள். இல்லாவிட்டால் நுண்ணுயிர் மேல் போடும் பழி பாதி அந்த எண்ணிக்கையினுடையதாக இருக்கும்.

உங்கள் காய்ச்சல் குழப்பத்துக்கு, பனிக்குடத் தொற்றைச் சந்தேகிக்கும் அளவு: 39 டிகிரி செல்சியஸ் (102.2 ஃபாரன்ஹீட்) ஒருமுறை, அல்லது 38.0-38.9 அரைமணி இடைவெளியில் இருமுறை. கூடவே சிசுவின் இதயத்துடிப்பு 160-க்கு மேல் 10 நிமிடமாவது, வெள்ளணு 15,000-க்கு மேல், கருப்பை வாயிலிருந்து சீழ், இவற்றில் ஒன்று. 2015-ல் அமெரிக்க நிபுணர் கூட்டம் வகுத்த அளவு இது, சந்தேக நிலைக்கு மட்டும். காய்ச்சல் மட்டும் இருந்தால் எபிடியூரலோ நீர் வற்றலோ கூடக் காரணமாகலாம். சவ்வு சுத்தமாக வந்த உங்கள் 101 டிகிரி அப்படியாக இருக்கலாம். வெள்ளணுவைப் பொறுத்தவரை, அதைக் கூட்டும் ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோன் 6 மி.கி. 4 டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது 14,000 என்பது ஒன்றும் சொல்லாது. டோஸ் போட்ட நேரத்தையும் ரத்தம் எடுத்த நேரத்தையும் குறித்து வையுங்கள்.

தாயிடம் தொற்று உறுதியாகத் தெரிந்தால் ஆம்பிசிலின் 2 கிராம் 6 மணிக்கொருமுறை, ஜென்டாமைசின் 5 மி.கி./கிலோ நாளுக்கு ஒருமுறை, பிரசவத்தை முடிப்பது. வலியை நிறுத்தும் மருந்து அப்போது எழுதக் கூடாது.

---

ரீட்_கவுண்ட்:

16எஸ் பக்கம்.

முதலில் எதை எண்ணுகிறீர்கள் என்பது. 2011-ல் ரேவல் குழு, 396 பெண்களை ஐந்து கூட்ட வகைகளாகப் பிரித்தது. நான்கில் ஒவ்வொரு லாக்டோபேசில்லஸ் கோலோச்சும்: கிரிஸ்பேட்டஸ், காசெரி, ஐனர்ஸ், ஜென்செனி. மிச்சமுள்ள நான்காம் வகை, லாக்டோபேசில்லஸ் குறைந்து கார்ட்னெரெல்லா, பிரிவோடெல்லா, ஸ்னீத்தியா எல்லாம் கலந்த சந்தைக்கடை. சராசரி பி.எச். கிரிஸ்பேட்டஸில் 4.0, நான்காம் வகையில் 5.3. ஐனர்ஸ்தான் குழப்பக்காரன். டி-லாக்டேட் தயாரிக்காது, மரபுத்தொகுதி சின்னது, செல்லில் ஓட்டை போடும் நச்சு ஒன்றும் வைத்திருக்கிறது. நுஜென்ட் தகட்டில் குட்டையாகத் தெரிவதால் எண்ணுபவரையும் ஏமாற்றும். எனவே 'லாக்டோபேசில்லஸ் உண்டு / இல்லை' என்று இரண்டாகப் பிரித்தால் ஆய்வின் உயிரே போய்விடும். இனம் வரை பிரிக்க வேண்டும்.

பகுதி: 16எஸ் மரபணுவின் வி1-வி3 லாக்டோபேசில்லஸ் இனங்களை நன்றாகப் பிரிக்கும், ஆனால் வழக்கமான 27எஃப் ப்ரைமர் (நகலெடுப்பைத் தொடங்கும் டி.என்.ஏ. துண்டு) கார்ட்னெரெல்லாவோடு சரியாகப் பொருந்தாமல் அதைக் குறைத்துக் காட்டும். அதைத் திருத்திய ப்ரைமர் கலவை உண்டு, அதையே கேளுங்கள். வி4 கார்ட்னெரெல்லாவைத் தவறவிடாது. நெருங்கிய லாக்டோபேசில்லஸ் இனங்களில் சற்று மங்கும். எதை எடுத்தாலும் பாதியில் மாற்றாதீர்கள். யூரியாபிளாஸ்மாவுக்குத் தனி பி.சி.ஆர். வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்வாப் எடுக்கும் நேரம்தான் பாதி ஆய்வு. முதல் டோஸ் ஆன்டிபயாடிக்குக்கு முன்பு எடுக்க வேண்டும். லண்டன் இம்பீரியல் குழு 2018-ல் காட்டியது இது: பனிக்குடம் உடைந்து வந்தபோது லாக்டோபேசில்லஸ் நிறைந்திருந்த பெண்களிடம், எரித்ரோமைசினுக்குப் பிறகு அதுவே கரைந்துபோனது. மறுநாள் ரவுண்ட்ஸில் எடுத்த ஸ்வாப் நோயைச் சொல்லாது, மருந்தைச் சொல்லும். இரண்டு நாளுக்குள் உடலுறவு, ரத்தப்போக்கு, யோனிக்குள் வைக்கும் ப்ரோஜெஸ்ட்ரோன் மாத்திரை இவற்றையும் குறித்துவிடுங்கள்.

எடுத்ததும் ஐஸில், சில மணி நேரத்துக்குள் மைனஸ் 80-க்கு. டி.என்.ஏ. பிரிக்கும்போது லைசோசைம், மியூட்டனோலைசின் சேர்த்து சிறு மணிகளோடு குலுக்கி உடைக்க வேண்டும். லாக்டோபேசில்லஸின் சுவர் கெட்டி, மென்மையான கிட்டில் அது உடையாமல் நின்று 'குறைந்திருக்கிறது' என்று பொய் சொல்லும்.

இப்போது உண்மையான ஆபத்து. கீழ் ஸ்வாப்பில் கிருமி ஏராளம், சவ்வில் மிகக் குறைவு. குறைந்த மாதிரியில் கிட்டில் வந்த டி.என்.ஏ.வே பெரும்பங்கு ஆகிவிடும். 2014-ல் நஞ்சுக்கொடிக்கென்றே தனி நுண்ணுயிர்க் கூட்டம் உண்டு என்று அறிவித்தார்கள். 2019-ல் கேம்பிரிட்ஜில் 537 பெண்களின் நஞ்சுக்கொடிகளைக் கட்டுப்பாட்டு மாதிரிகளோடு சோதித்தபோது, பெரும்பாலானவற்றில் இருந்தது கிட் கிருமியும் பிரசவப் பாதையில் ஒட்டியதும்தான். நம்பும்படி மிஞ்சியது 5 சதவீத அளவில் குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ். எனவே ஒவ்வொரு தொகுப்பிலும் நோயாளி மாதிரியே இல்லாத வெறும் ஸ்வாப், வெறும் பிரித்தெடுப்பு, வெறும் பி.சி.ஆர். மூன்றும் ஓட வேண்டும். சவ்வு மாதிரியில் சதவீதம் மட்டும் போதாது, கியூ-பி.சி.ஆரில் மொத்த எண்ணிக்கையும் வேண்டும். இயல்பு பிரசவத்தையும் சிசேரியனையும் தனித்தனியாகப் பாருங்கள்.

எந்தக் கூட்டம் ஏறுகிறது என்பதில் ஊருக்கு ஊர் விடை மாறுகிறது என்பதையும் மனதில் வையுங்கள். 2017-ல் ஸ்டான்ஃபோர்டில் கார்ட்னெரெல்லாவுக்கும் குறைமாதத்துக்கும் தெரிந்த தொடர்பு, அதே ஆய்வில் அலபாமாவின் பெண்களிடம் தெரியவில்லை. 2019-ல் வர்ஜீனியாவில் கிரிஸ்பேட்டஸ் குறைவும் ஸ்னீத்தியா கூடுதலும் முன்னுக்கு வந்தன. அவர்களின் பட்டியலை அப்படியே இங்கே ஒட்டினால் வேலை செய்யும் என்று பந்தயம் கட்ட மாட்டேன்.

---

பாரஃபின்_கட்டை:

ரீட்_கவுண்ட் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன்: அழற்சி உண்டு, கிருமி எங்குமே இல்லை என்பதும் நிஜமான நிலைதான். பனிக்குட நீரில் அழற்சிப் புரதமான ஐ.எல்-6 கூடியிருக்கும் (எலைசாவில் 2.6 நானோகிராம்/மி.லி. வழக்கமான கோடு), கல்ச்சரும் பி.சி.ஆரும் காலி. நிறைமாதத்தில் நீண்ட வலிக்குப் பிறகும் சவ்வில் நியூட்ரோஃபில் வரும்.

---

சாக்லேட்_அகார்:

ஏற்கிறேன், ஒரு தயக்கத்தோடு. 'கிருமி இல்லை' என்று எழுதுவதற்கு முன் எதை வைத்துத் தேடினோம் என்று எழுதுங்கள். அழற்சி தொடங்க உயிருள்ள கிருமி வேண்டியதில்லை. செல்சுவரின் துண்டு போதும்: டி.எல்.ஆர்-2, டி.எல்.ஆர்-4 ஏற்பி தட்டப்பட்டு, ஐ.எல்-1 பீட்டாவும் ஐ.எல்-8-ம் கிளம்பி, ப்ராஸ்டாகிளாண்டின் கூடி வலி வரும், எம்.எம்.பி-8, எம்.எம்.பி-9 நொதிகள் கூடி கொலாஜன் கரைந்து சவ்வு உடையும். வழியைத் திறந்துகொடுப்பவை சியாலிடேஸ் நொதிகள். கருப்பை வாய்ச் சளியின் மியூசினை அரிப்பவை அவை. கார்ட்னெரெல்லாவின் சில ரகங்களும் பிரிவோடெல்லாவும் அதில் கில்லாடிகள். ஸ்வாப் மிச்சமிருந்தால் சியாலிடேஸ் அளவையும் பார்க்கலாம், செலவு அதிகமில்லை.

---

மகப்பேறு_பிஜி:

எச்.வி.எஸ். கல்ச்சரை நீக்கிவிட்டு நுஜென்ட், 16எஸ், யூரியாபிளாஸ்மா பி.சி.ஆர். என்று மாற்றுகிறேன். ஒன்றே ஒன்று: இரவு 2 மணிக்குப் பிரசவமானால் பேத்தாலஜியில் யாரும் இருக்க மாட்டார்கள். ஸ்வாப்பை யார் எடுப்பது?

---

பாரஃபின்_கட்டை:

லேபர் ரூமிலேயே, பிரசவம் பார்த்த கையே எடுக்க வேண்டும். காலைவரை காத்தால் மேல்பரப்புக் கிருமி உள்ளே இறங்கிப் பெருகிவிடும். ஸ்டெரைல் ட்ரேயில் நஞ்சுக்கொடி, புதுக் கையுறை, இரண்டு ஃபோர்செப்ஸ், இரண்டு ஸ்வாப். ஆம்னியானை உரிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒன்று ஐஸில், இன்னொன்று ஏமீஸ் கடத்து ஊடகத்தில். உடைந்த விளிம்பில் ஒரு நூல் முடிச்சுப் போட்டு அடையாளம் வைத்துவிடுங்கள். காலையில் சவ்வு சுருங்கி முறுக்கிக்கொண்டால் எது உடைந்த இடம், எது வெளியே எடுக்கும்போது கிழிந்த இடம் என்று எங்களுக்குத் தெரியாது. பிறகு டப்பாவை மூடி, நேரம் எழுதி, 4 டிகிரி ஃப்ரிட்ஜில். ஹிஸ்டாலஜிக்கு இரண்டு நாள் தாராளமாகத் தாங்கும். அந்த ஃப்ரிட்ஜில் யாரும் சாப்பாட்டு டப்பா வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.